இன்னும் எத்தனை சைபர் வேணும்?

தலைப்பைப் பார்த்துட்டு பட்ஜெட் பத்தின பதிவுன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது பாலைப் பத்தினது. சரியாச் சொன்னா, பால்ல கலந்து வர்ற ஆன்டிபயாடிக் மருந்தை மின்சாரத்தை வெச்சுக் கண்டுபிடிக்கிற சென்சார்களைப் பத்தினது. ஓடிடாதீங்க, பத்தாங்கிளாஸ் வேதியியல் போதும்.

கொஞ்ச நாளா இந்த விஷயத்துல வந்திருக்கிற ஆராய்ச்சிக் கட்டுரைகளை மேய்ஞ்சுக்கிட்டிருக்கேன். பொட்டி தட்டுறவனுக்கு எதுக்குய்யா இந்த வேலைன்னு கேட்டா, ஆர்வக்கோளாறுன்னு வெச்சுக்குங்க. நாலஞ்சு கட்டுரை படிச்சதுமே ஒரே டெம்ப்ளேட்டை காப்பி பேஸ்ட் பண்ணின மாதிரி ஒரு உணர்வு வந்துடுது. ஒரு எலெக்ட்ரோடு எடு. அதுமேல கிராஃபீன், கார்பன் நானோகுழாய், தங்கத் துகள்னு ஏதாவது ஒண்ணைப் பூசு. ரெண்டு மூணைக் கலந்து பூசினா இன்னும் விசேஷம். டெட்ராசைக்ளினோ குளோராம்ஃபெனிகாலோ எவ்வளவு குறைவா இருந்தாலும் தெரியுதுன்னு ஒரு எண்ணைக் காட்டு. கடைசியா கடையில ஒரு பாக்கெட் பால் வாங்கி, நீயே மருந்தைக் கலந்து, கலந்ததுல 98 சதவீதம் திரும்பக் கிடைச்சுதுன்னு முடி. அடுத்த கட்டுரை பூச்சை மட்டும் மாத்தி, புள்ளிக்கு அப்புறம் இன்னொரு சைபர் சேர்க்கும்.

என் கருத்தை முதல்லயே சொல்லிடறேன். இந்த சைபர் போட்டியால பால் சொசைட்டிக்குப் பெரிசா எந்தப் பிரயோசனமும் இல்லை. அங்கே வேண்டியது இன்னொரு சைபர் இல்லை, 'இன்னிக்கு இந்தப் பாலை ஊத்தலாமா, கூடாதா' என்பதற்கு நம்பக்கூடிய ஒரு பதில். ரெண்டும் வேற வேற வேலை. முதல் வேலையைச் செஞ்சுட்டு ரெண்டாவது வேலை முடிஞ்ச மாதிரி எழுதறதுதான் எனக்குப் பிரச்சினை.

முதல்ல மருந்து எப்படி பாலுக்குள்ள வருதுன்னு பார்ப்போம். கறவை மாட்டுக்கு மடிநோய் வரும். மடி வீங்கி, பால் திரிஞ்ச மாதிரி வரும். பென்சிலின் குடும்பத்து மருந்தை ட்யூப்ல வெச்சு காம்பு வழியா ஏத்துவாங்க, இல்லேன்னா ஊசி போடுவாங்க. இது தப்பே இல்லை, மாட்டுக்கு நோய் வந்தா வைத்தியம் பார்த்துத்தான் ஆகணும். ஆனா மருந்து கொடுத்து முடிச்ச பிறகும் சில நாளைக்கு அந்த மாட்டுப் பாலை விற்கக் கூடாது. எத்தனை நாள் என்பது மருந்துக்கு மருந்து மாறும். ரெண்டே ரெண்டு மாடு வெச்சிருக்கிற ஒருத்தருக்கு இந்தச் சில நாள்ங்கறது பாதி வருமானம். டாக்டர் சொல்லாம விட்டிருக்கலாம், சொல்லியும் கையில காசு இல்லாம ஊத்தியிருக்கலாம். அந்தக் கேன் பால் எல்லார் பாலோடயும் கலந்துடும்.

கலந்தா நீர்த்துப் போயிடாதான்னு கேட்கலாம். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க. பென்சிலினுக்கு கோடெக்ஸ், ஐரோப்பிய யூனியன் ரெண்டுமே வெச்சிருக்கிற உச்ச வரம்பு கிலோவுக்கு 4 மைக்ரோகிராம். மருந்து ஏத்தின ஒரு மாட்டோட 10 லிட்டர் பால்ல லிட்டருக்கு 1000 மைக்ரோகிராம் இருக்குன்னு உதாரணத்துக்கு வெச்சுக்குங்க. அதை 1000 லிட்டர் தொட்டியில கொட்டினா, மொத்தத் தொட்டியிலயும் லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். ஒரே மாடு ஊர்ப்பால் முழுசையும் வரம்பு தாண்ட வெச்சிடும்.

காய்ச்சினா போயிடும்னும் சொல்ல முடியாது. பல ஆன்டிபயாடிக்குகள் வீட்டுக் கொதியில பெரும்பகுதி அப்படியே இருக்கும். பென்சிலின் ஒவ்வாமை உள்ளவங்களுக்கு அது நேரடி ஆபத்து. அதைவிடப் பெரிசு, கண்டபடி கொடுக்கிற மருந்துக்குப் பழகிப்போன கிருமிகள். நாளைக்கு நமக்கு நோய் வரும்போது அதே மருந்து வேலை செய்யாம போகலாம். இந்தக் கவலையிலதான் மத்திய அரசு 2019 ஜூலையில கொலிஸ்டின் மருந்தை உணவுக்காக வளர்க்கிற கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் கொடுக்கக் கூடாதுன்னு தடை போட்டது.

இந்தியால நிலைமை எப்படி? உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018-ல நாடு முழுக்க 6432 பால் சாம்பிள் எடுத்து ஆய்வு பண்ணினாங்க. அதுல 77 சாம்பிள்ல, அதாவது 1.2 சதவீதத்துல, ஆன்டிபயாடிக் வரம்பைத் தாண்டி இருந்துச்சு. நூத்துல ஒண்ணு. பயந்து பாலையே விட்டுட வேண்டிய அளவு இல்லை, விட்டுத்தள்ளற அளவும் இல்லை. இந்த 1.2-ஐ ஞாபகம் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

இப்போ எப்படிக் கண்டுபிடிக்கிறாங்க? மருந்து இருக்கிற பால்ல பிரை ஊத்தினா தயிர் சரியா உறையாது, ஏன்னா உறைய வைக்கிற பாக்டீரியாவை மருந்து அடக்கிடும். தயிர், சீஸ் கம்பெனிகளுக்கு இது பழைய தலைவலி. இதையே ஒழுங்குபடுத்தி ஒரு சோதனை ஆக்கியிருக்காங்க. சூடு தாங்கற ஒரு பாக்டீரியாவை ஊதா நிறச் சாயத்தோட சின்னக் குப்பியில வெச்சு, பாலை விட்டு, 64 டிகிரியில ரெண்டரை மூணு மணி நேரம் வைப்பாங்க. பாக்டீரியா வளர்ந்தா மஞ்சளா மாறும். ஊதாவாவே நின்னா பால்ல ஏதோ இருக்குன்னு அர்த்தம். ரெண்டாவது வழி, கர்ப்பம் பார்க்கிற பட்டை மாதிரி ஒரு பட்டை. அஞ்சு பத்து நிமிஷத்துல கோடு தெரியும். மூணாவது, பெரிய லேப்ல இருக்கிற நிறமாலைமானிக் கருவி. என்ன மருந்து, எவ்வளவுன்னு துல்லியமாச் சொல்லிடும், ஆனா விலை கோடிக் கணக்குல.

இந்த மூணுக்கும் நடுவுல ஒரு இடம் காலியாத்தான் இருக்கு. பாக்டீரியா சோதனை முடியறதுக்குள்ள டேங்கர் கிளம்பிடும். பட்டை ஒவ்வொண்ணும் காசு, அதோட அளவு சொல்லாது. பெரிய லேப் மாவட்டத் தலைநகர்லயே இருக்குமாங்கறது சந்தேகம். சின்னதா, மலிவா, உடனே எண்ணைக் காட்டற ஒரு மீட்டர் வந்தா நல்லதுதானே? அதுக்குத்தான் எலெக்ட்ரோடு. ஐடியா அருமையான ஐடியா, அதுல எனக்கு எந்தச் சண்டையும் இல்லை.

வேலை செய்யற விதம் இதுதான். பால்ல மூணு எலெக்ட்ரோடு முங்கியிருக்கும். ஒண்ணுல மின்னழுத்தத்தைப் படிப்படியா ஏத்திக்கிட்டே போவாங்க. ஒவ்வொரு மருந்து மூலக்கூறுக்கும் ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துல எலெக்ட்ரானை விடுறதோ வாங்கறதோ நடக்கும். அந்த இடத்துல மின்னோட்டம் ஒரு முகடு மாதிரி எழும்பும். முகடு எங்கே வருதுன்னு பார்த்தா என்ன மருந்துன்னு ஊகிக்கலாம், உயரத்தைப் பார்த்தா எவ்வளவுன்னு சொல்லலாம். வெறும் கார்பன்ல முகடு சின்னதா, அகலமா, பக்கத்து முகட்டோட ஒட்டிக்கிட்டு வரும். நானோ பொருளைப் பூசினா பரப்பளவு கூடும், எலெக்ட்ரான் வேகமாப் போகும், முகடு உயரும். ஆனா பரப்பளவு கூடினா பின்னணி இரைச்சலும் சேர்ந்தே கூடும் என்பதைப் பல பேர் அழுத்திச் சொல்றதில்லை.

அந்தப் பூச்சுலதான் இப்போ திருவிழா நடக்குது. இதைக் கிண்டலடிச்சு 2020-ல ஏ.சி.எஸ். நானோ இதழ்ல ஒரு கட்டுரையே வந்துச்சு. மார்ட்டின் பூமெராவும் அவரோட சகாக்களும் எழுதினது. கிராஃபீனோட எந்தத் தனிமத்தைச் சேர்த்தாலும் 'செயல்திறன் கூடியது'ன்னு கட்டுரை வருதே, அப்போ எதைச் சேர்த்தாலும் கூடுமான்னு கேட்டு, நிஜமாவே பறவை எச்சத்தைச் சேர்த்துப் பார்த்தாங்க. கூடிச்சு! அவங்க பார்த்தது ஹைட்ரஜன், ஆக்சிஜன் வினைகளை, மருந்து சென்சாரை இல்லை. ஆனா குத்து எல்லாருக்கும் பொதுதான். 'வெறும் எலெக்ட்ரோடைவிட நல்லா இருக்கு'ங்கறது பறவை எச்சம்கூட பாஸ் பண்ற பரீட்சை.

இப்போ சைபர் கணக்குக்கு வருவோம். பால்ல டெட்ராசைக்ளினுக்கு ஐரோப்பிய வரம்பு கிலோவுக்கு 100 மைக்ரோகிராம். மூலக்கூறு எடை 444. வகுத்துப் பார்த்தா சுமார் 225 நானோமோலார் வருது. பென்சிலினோட 4 மைக்ரோகிராம் சுமார் 12 நானோமோலார். ஆக, டெட்ராசைக்ளினுக்கு 20 நானோமோலார் வரைக்கும் உறுதியாத் தெரிஞ்சா வேலை முடிஞ்சுது. ஆனா கட்டுரைகள் பிகோமோலார்ல நிக்குது, சிலது ஃபெம்டோமோலாருக்கே போயிடுது. சட்டம் கேட்கிறதைவிட பல கோடி மடங்கு கம்மி. நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல போற வண்டியைப் பிடிக்க, நத்தை நகர்றதை அளக்கிற ரேடார் எதுக்கு?

ஃபெம்டோமோலார்னா எவ்வளவுன்னு ஒரு கணக்கு போட்டேன், சிரிப்பு வந்துடுச்சு. எலெக்ட்ரோடு மேல விடற துளி 50 மைக்ரோலிட்டர்னு வெச்சுக்குங்க. 1 ஃபெம்டோமோலார் கரைசல்ல அந்தத் துளிக்குள்ள மொத்தமே சுமார் 30,000 மூலக்கூறுதான். ஒவ்வொண்ணும் ரெண்டு எலெக்ட்ரான் கொடுத்து, எல்லாமே ஒரே வினாடியில வினைபுரிஞ்சாலும், வர்ற மின்னோட்டம் ஒரு மைக்ரோ ஆம்பியர்ல பத்துக் கோடியில ஒரு பங்கு. 'நாங்க மருந்தோட எலெக்ட்ரானை அளக்கலை, மருந்து வந்து ஒட்டி எலெக்ட்ரோடை மறைக்கிறதை அளக்கறோம்'னு சிலர் சொல்வாங்க. சரி, 4 மில்லிமீட்டர் விட்டமுள்ள எலெக்ட்ரோடுல, மூலக்கூறுக்கு ஒரு சதுர நானோமீட்டர்னு இடம் கொடுத்தா, அந்த 30,000 பேரும் சேர்ந்து மறைக்கிறது சுமார் 40 கோடியில ஒரு பங்கு பரப்பு. இதை நம்பறதுக்கு எனக்கு ரொம்ப அழுத்தமான ஆதாரம் வேணும். நேர்கோட்டை நீட்டி, இரைச்சலை மூணால பெருக்கி, சரிவால வகுத்து எடுத்த எண் போதாது.

சரி, சைபர் அதிகமா இருந்தா நஷ்டம் என்ன? இருந்துட்டுப் போகட்டுமேன்னு விட முடியாது. நஷ்டம் இருக்கு. கவனம் எல்லாம் அங்கேயே போயிட்டதால, நிஜமான கஷ்டங்கள் அப்படியே கிடக்கு.

முதல் கஷ்டம், பாலே. பால்ல கேசின் புரதம் இருக்கு, கொழுப்பு இருக்கு. ரெண்டும் எலெக்ட்ரோடு மேல ஆடை மாதிரி படிஞ்சுடும். அஸ்கார்பிக் அமிலம், யூரிக் அமிலம்னு தாமாவே எலெக்ட்ரான் விடற ஆட்களும் அதே பால்ல உண்டு. அதனால நிறைய கட்டுரைகள்ல பாலை முதல்ல அமிலம் விட்டுத் திரிய வெச்சு, சுத்தி, வடிகட்டி, பல மடங்கு நீர்த்துத்தான் அளக்கறாங்க. சொசைட்டியில காலை அஞ்சரைக்கு வரிசை கட்டி நிக்கிற ஜனங்க முன்னாடி யார் இதைச் செய்யறது?

ரெண்டாவது கஷ்டம், மாடு. பாக்கெட் பால்ல மருந்தைக் கலக்கறதும் மாட்டோட உடம்பு வழியா மருந்து வர்றதும் ஒண்ணு இல்லை. என்ரோஃப்ளாக்சசின் போட்டா, மாட்டு உடம்புல அதுல ஒரு பகுதி சிப்ரோஃப்ளாக்சசினா மாறி பால்ல வரும். அதனாலதான் ஐரோப்பிய வரம்பு ரெண்டையும் கூட்டி வெச்சிருக்காங்க. ஒண்ணை மட்டும் பார்க்கிற சென்சார் பாதிக் கதைதான் சொல்லும். கலந்து வெச்ச பால்ல 98 சதவீதம் வருதுங்கறது, நம்ம பாஷையில சொன்னா 'என் மெஷின்ல ஓடுதே'.

மூணாவது, சுலபமா மாட்டற மருந்துகளைத்தான் அதிகம் தேடறாங்க. குளோராம்ஃபெனிகால்ல நைட்ரோ தொகுதி இருக்கு, எலெக்ட்ரானை ஆசையா வாங்கிக்கும், அழகான முகடு வரும். மடிநோய்க்குப் போடற பென்சிலின் குடும்பம் அப்படி சுலபமா ஒத்துழைக்காது. ஆனா நம்ம பால்ல வர வாய்ப்பு அதிகம் உள்ளதும், வரம்பு கடுமையா இருக்கிறதும் அதுதான்.

நாலாவது, எனக்கு ரொம்ப முக்கியமாப் படறது, பொய்யா மாட்டறவங்க. அந்த 1.2 சதவீதத்துக்கு வருவோம். ஆயிரம் பேர் பால் ஊத்தறாங்க, 12 பேர் பால்ல மருந்து இருக்கு. மீட்டர் இருக்கறதை 95 சதவீதம் சரியாப் பிடிக்குது, இல்லாததை 95 சதவீதம் சரியா விடுது. கேட்க நல்லாத்தானே இருக்கு? 12 பேர்ல 11 பேர் மாட்டுவாங்க. மீதி 988 பேர்ல 5 சதவீதம், அதாவது 49 பேர், ஒரு தப்பும் செய்யாம மாட்டுவாங்க. 'மருந்து பால்'னு முத்திரை வாங்கின 60 பேர்ல 49 பேர் நிரபராதி! மறுநாள் அந்த மீட்டரை ஊரே சேர்ந்து கிணத்துல போட்டுடும், போடறதும் நியாயம்தான்.

இதே மீட்டர் இல்லாததை 99.5 சதவீதம் சரியா விட்டா, நிரபராதிகள் 49-லேருந்து 5 ஆகக் குறைவாங்க. இதுக்கு ஒரு சைபர்கூடக் கூட்ட வேண்டாம். வேற பொருளைப் பார்த்து ஏமாறாம இருக்கணும், இன்னிக்குக் காட்டினதை நாளைக்கும் காட்டணும், அவ்வளவுதான். கட்டுரைகள்ல இந்தக் கணக்கை நான் தேடித் தேடிப் பார்த்தேன், சொற்பம்தான்.

எலெக்ட்ரோடு வெச்ச மீட்டர் ஜெயிச்ச கதை நம்ம வீட்டுலயே இருக்கு. சர்க்கரை பார்க்கிற மீட்டர். 1962-ல கிளார்க்கும் லயன்ஸும் என்சைம் எலெக்ட்ரோடு யோசனையைச் சொன்னாங்க. 1984-ல ஃபெர்ரோசீனை வெச்சு எலெக்ட்ரானைக் கடத்தற வழி வந்துச்சு. 1987-ல பேனா சைஸ்ல மீட்டர் சந்தைக்கு வந்துச்சு. கால் நூற்றாண்டு! அந்தப் பயணம் சைபர் கூட்டின கதை இல்லை. பட்டையை லட்சக்கணக்குல ஒரே மாதிரி அச்சடிக்கிறது, பாட்டியம்மா வீட்டுல தனியா குத்திப் பார்த்தாலும் சரியா வர்றது, இதுதான் கதை. ஒவ்வொரு பேட்ச் பட்டைக்கும் ஒரு கோடு எண் கொடுத்து மீட்டர்ல போடச் சொன்னாங்க ஞாபகமிருக்கா? பேட்சுக்கு பேட்ச் மாறும்னு ஒத்துக்கிட்டு அதுக்கு வழி பண்ணின நேர்மை அது. எவ்வளவு பிழை வரை பொறுத்துக்கலாம்னு சர்வதேசத் தர விதியும் இருக்கு. 2013-ன் ஐ.எஸ்.ஓ. 15197 படி, நூறு முடிவுல 95 முடிவு சொன்ன எல்லைக்குள்ள இருக்கணும்.

எதிர்க்கட்சி வாதத்தையும் சொல்லணும். ரத்தத்துல சர்க்கரை சுமார் 5 மில்லிமோலார். பென்சிலின் வரம்பைவிட நாலு லட்சம் மடங்கு அதிகம். அதனால 'சர்க்கரை மீட்டர் மாதிரி இதையும் செஞ்சுடலாமே'ன்னு ஈஸியா சொல்லிட முடியாது. இங்கே நானோ பூச்சு தேவைப்படறதுக்குக் காரணம் இருக்கு. சைபர் உண்மையிலேயே முக்கியமான இடமும் உண்டு. குளோராம்ஃபெனிகால் முழுத் தடை செய்யப்பட்ட மருந்து. இறால் ஏற்றுமதி பண்றவங்களைக் கேளுங்க. ஐரோப்பாவுல அதுக்கு முன்னாடி கிலோவுக்கு 0.3 மைக்ரோகிராம்னு இருந்த அளவு 2022 நவம்பர்லேருந்து 0.15 ஆயிடுச்சு. அது அரை நானோமோலார்கூட இல்லை. அதைத் தாண்டினா சரக்கு திரும்பி வரும். அங்கே சைபர் கூட்டறவங்களுக்கு நான் கைதட்டுவேன். ஆனா அங்கேயும் ஃபெம்டோ வேண்டாம்.

அடிப்படை ஆராய்ச்சியை வேண்டாம்னும் சொல்லலை. 'இந்தப் பூச்சுல எலெக்ட்ரான் இப்படிப் போகுது'ன்னு எழுதினா அது விஞ்ஞானம், தாராளமாச் செய்யட்டும். 'பால் பாதுகாப்புக்கான சென்சார்'னு தலைப்பு வெச்சா, பாலுக்கான பரீட்சையை எழுதியே ஆகணும்.

அந்தப் பரீட்சையில என் கேள்வித்தாள் இதுதான். வரம்பு எவ்வளவுன்னு முதல் பத்தியிலயே சொல்லு, அந்த வரம்புக்கு பாதியிலயும் ரெண்டு மடங்குலயும் எத்தனை தடவை சரியாச் சொல்லுதுன்னு காட்டு. ஒரே எலெக்ட்ரோடை பத்து தடவை அளக்காம, வேற வேற ஆள் செஞ்ச அம்பது எலெக்ட்ரோடை அளந்து காட்டு. மூணு மாசம் அலமாரியில வெச்சிருந்து அப்புறம் அளந்து காட்டு. வைத்தியம் பார்த்த மாட்டோட பாலை, எது எதுன்னு உனக்கே தெரியாம வாங்கி அளந்து, பெரிய லேப் முடிவோட ஒப்பிடு. ஏற்கெனவே கடையில கிடைக்கிற பட்டையையும் பக்கத்துல வெச்சுக் காட்டு. அதைவிட உன்னோடது எதுல மேல்? இதுல பாஸான ஒரு சுமாரான சென்சார், ஃபெம்டோமோலார் காட்டற நூறு சென்சாரைவிட எனக்குப் பெரிசு.

கடைசியா ஒண்ணு. இந்த மீட்டர் யார் கையில இருக்கணும்? எல்லாரும் சொசைட்டி செக்ரட்டரி கையிலயோ அதிகாரி கையிலயோ இருக்கிற மாதிரியே கற்பனை பண்றாங்க, திருடனைப் பிடிக்கிற போலீஸ் லத்தி மாதிரி. நான் அதை மாடு வெச்சிருக்கிறவங்க கையிலதான் பார்க்கிறேன். ஊசி போட்டு நாலு நாளாச்சு, இன்னிக்கு ஊத்தலாமா இன்னும் ரெண்டு நாள் கன்னுக்குட்டிக்கே விடறதா நிறுத்தி வைக்கிறதான்னு ஊகத்துல தடுமாறாம, அவங்களே தெரிஞ்சுக்கட்டும். ஊத்தாத நாளுக்கு சொசைட்டி ஏதாவது ஈடு கொடுத்தா, ஒளிச்சு ஊத்தற அவசியமே பாதி குறைஞ்சுடும். எலெக்ட்ரோடு அளக்கறது மருந்தை மட்டும்தான், அந்த நாலு நாள் கூலியை அளக்கிறதில்லை.

நம்ம பதிவர்கள்ல கால்நடை மருத்துவர்கள், இந்தத் துறையில பி.எச்டி. பண்றவங்க இருப்பீங்க. சொசைட்டியில உண்மையா என்ன நடக்குது, நீங்க செஞ்ச எலெக்ட்ரோடு மூணு மாசம் கழிச்சு எப்படி இருந்துச்சுன்னு பின்னூட்டத்துல எழுதுங்க. திட்டணும்னாலும் திட்டுங்க, கணக்கோட திட்டுங்க :)

டிஸ்கி: வீட்டுல தயிர் உறையலைன்னா உடனே ஆன்டிபயாடிக்னு பால்காரர் மேல பாயாதீங்க. குளிரும் பழைய பிரையும்கூட காரணமா இருக்கலாம்.